முடிவெடுக்கிற அதிகாரி நேர்ல வரணும்

உக்காரு தாயி, ஜன்னலோரமா நல்லா சாஞ்சு உக்காரு. நான் இந்தப் பக்கம் ஒண்டிக்கிறேன். என்ன அப்பிடிப் பாக்குற? சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் பொருந்தலயேன்னா? இது என் சேலை இல்ல தாயி, மருமக சேலை. என் சேலையெல்லாம் பீரோவுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கு. பீரோ சாவி மருமககிட்ட இருக்கு. மருமக அவ ஆத்தா வீட்டுல இருக்கா. அவளையும் சாவியையும் கையோட கூட்டிட்டு வரத்தான் கெளம்பிப் போறேன். வருவாளா மாட்டாளான்னுதான் தெரியல. உங்கிட்ட பேனா இருக்கா? இருக்கா, நல்லது. உள்ளயே வச்சுக்க, பெறகு கேக்குறேன்.

மொதல்ல பஸ்ஸு கதையக் கேளு, அதக் கேட்டாத்தான் இது வெளங்கும். நீ எங்க ஊருக்குப் புதுசா வந்த நர்ஸம்மாதான? அப்ப உனக்குத் தெரியாது. நீ ஏறி உக்காந்திருக்கியே பதினாறு பி, இது நான் புடிச்ச பஸ்ஸு. சிரிக்காத. ஓடிப்போய் ஏறுறது இல்ல. நிப்பாட்டி, முன்னாலயும் பின்னாலயும் உக்காந்து, புடிச்சு வச்ச பஸ்ஸு. ஏ கண்டக்டர் தம்பி, நான் சொல்றது பொய்யா? பாரு, தலையாட்டுறாரு. கோமதிநாயகம்னு பேரு. தங்கமான புள்ள. அன்னைக்கு நான் புடிச்சு வச்சது இவரத்தான்.

எங்க ஆவாரங்குளத்துக்குள்ள இருபத்தெட்டு வருசமா பஸ்ஸு வந்துக்கிட்டிருந்துச்சு. பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் முன்னால பந்தல் போட்டோம். பஸ்ஸு திரும்ப எடமில்ல, நாலு நாளைக்கு ஊருக்குப் பிரியுற மெயின்ரோட்டு விலக்குலயே நிக்கட்டும்னு நாங்களே சொன்னோம். பொங்கல் முடிஞ்சுச்சு, பந்தலப் பிரிச்சாச்சு, பஸ்ஸு வரல. டிப்போவுல போய்க் கேட்டா, 'உங்க ஊருல பந்தல் இருக்குன்னுதான் எங்க நோட்டுல இருக்கு'ங்குறாக. பந்தலப் பிரிச்சு மூணு மாசமாச்சுய்யான்னேன். 'பிரிச்சதா எங்களுக்குத் தகவல் வரலயே'ங்குறாக. நான் வந்து சொல்றேனே, நான் தகவல் இல்லயா? சொல்லு தாயி.

விலக்குல இருந்து ஊருக்கு ரெண்டரை கிலோமீட்டரு, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். படிக்கிற பொம்பளப் புள்ளைக சாயங்காலம் அந்தக் காட்டுக்குள்ள நடந்து வரணும். எங்க தெரு ரத்தினக்கிளி மக பயந்துக்கிட்டுக் காலேஜையே நிறுத்திட்டா. எனக்கு நெஞ்சு கொதிச்சுப் போச்சு. ஒரு பொம்பளப் புள்ள நெனச்ச எடத்துக்குப் போக வர முடியலன்னா அது என்ன ஊரு? இதத்தான் நான் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன். எல்லாரும் கைதட்டுனாக.

மனு நாலு வாட்டி குடுத்தோம். எழுதுனது பூரா என் மருமக மாரீஸ்வரிதான். அவ எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். மருந்துக்கடைப் படிப்பு படிச்சவ, டி.பார்ம். டவுன்ல மெடிக்கல் கடையில கூப்பிடவும் கூப்பிட்டாக. நாந்தான், ஏ மாரி, உனக்கு இங்க என்ன கொறை, எதுக்கு ஊரான் கடையில போய் நிக்கணும்னுட்டேன். அவ சர்டிபிகேட்டெல்லாம் என் பீரோவுலதான் பத்திரமா இருக்கு. இருந்துச்சு. அவகிட்ட இருந்தா எங்கயாச்சும் தொலச்சிருவா பாரு. கல்யாணமாகி ஒன்றரை வருசம், ஒரு நா ஒத்தையில வெளிய அனுப்புனது கெடையாது. கோயிலுக்குன்னாலும் கூட ஆளு போட்டுத்தான் விடுவேன். அம்புட்டு அரும தாயி அவ எனக்கு.

நாலு மனுவும் கெணத்துல போட்ட கல்லுதான். ஆனி மாசம் ஒரு செவ்வாக்கெழம, காலையில எட்டே முக்கா. நாப்பது பொம்பளைக விலக்குல நின்னோம். இந்தக் கண்டக்டர் தம்பி விசிலடிச்சாரு, பஸ்ஸு நின்னுச்சு. யாரும் ஏறல. நான் கொண்டுபோன சாக்க முன் டயருக்கு முன்னால விரிச்சேன், உக்காந்தேன். அம்புட்டுத்தான். மத்தவுக பின்னாலயும் முன்னாலயும் உக்காந்துட்டாக. டிரைவரு அந்தோணிராஜ் ஆரன் அடிச்சாரு. நல்லா அடிங்கய்யா, கொழந்தைக்கு வேடிக்கையா இருக்கும்னேன். எங்கிட்ட ஒரு கைக்கொழந்த இருந்துச்சு, யாரு கொழந்தைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

டிரைவரு எறங்கி நடந்து போயிட்டா என்ன செய்யன்னு ஒரு யோசன வந்துச்சு. எந்திரிச்சுப் போய் எட்டிப் பாத்தா, மனுசன் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட உக்காந்திருக்காரு. கைய விட்டு செருப்ப எடுத்தேன், சாக்குக்கு அடியில வச்சேன், மேல உக்காந்துட்டேன். ஆனி வெயிலு. தாரு ரோடு. எங்க போவாரு? அவரு கெஞ்சுறாரு, 'ஆத்தா, செருப்பக் குடுங்க.' நான் சொன்னேன், பத்திரமா இருக்குய்யா, உங்க நல்லதுக்குத்தான்.

பஸ்ஸுல இருந்த சனங்கள வேற வண்டியில ஏத்தி விட்டோம். பாதிப் பேரு போகல, நாங்களும் இருந்து பாக்குறோம்னு எறங்கி உக்காந்துட்டாக. ஒரு கல்யாணக்களைதான் போ. எங்க பக்கத்துல இதுக்கு ஒரு முறை உண்டு. நாம புடிச்சு வச்ச ஆளுக்கு மோரு, பேச வர்ற அதிகாரிக்கு பாட்டில்ல கலரு சோடா. மோரக் குடுத்தா, 'எங்க ஆளு, கோவமில்ல, ஆனா விடமாட்டோம்'னு அர்த்தம். கலரு வெளி ஆளுக்கு. மாரி பெரிய தூக்குல மோரு கொண்டு வந்தா, வெள்ளரிப்பிஞ்சு கொண்டு வந்தா, கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொண்டு வந்தா. அந்தோணிராஜ் ரெண்டு சொம்பு குடிச்சிட்டு, கடைசி சீட்டுல படுத்துத் தூங்குனாரு பாரு ஒரு தூக்கம்! எந்திரிச்சு, 'ஏழு வருசத்துல இப்பிடித் தூங்குனதில்ல ஆத்தா'ன்னாரு. இந்தக் கோமதிநாயகம் ஒதுங்கணும்னாரு. தனியா விட முடியுமா? ரெண்டு பேரு கூடவே போயி, மரியாதையாத் திரும்பி நின்னோம். ஏ தம்பி, வெக்கப்படாத, நர்ஸம்மாதான், எல்லாம் பாத்தவுக.

பதினொரு மணிக்கு போலீசு வந்துச்சு. எஸ்.ஐ. ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், நறுக்குன்னு பேசுச்சு. 'யாரு இவுகள அடைச்சு வச்சது?'ன்னுச்சு. யாரும்மா அடைச்சது, கதவு ரெண்டும் தொறந்துதான் கெடக்கு, பூட்டும் இல்ல, சாவியும் இல்ல, மோரு குடுத்திருக்கோம், கூழு குடுத்திருக்கோம், ஒரு கொறையும் வைக்கலன்னேன். அதுக்கு அந்தப் புள்ள சொல்லுச்சு, 'பூட்டுப் போட்டாத்தான் அடைச்சு வச்சதுன்னு இல்லம்மா. சோறு போட்டீகளா, மோரு குடுத்தீகளாங்குறது பேச்சே இல்ல. அவுக போகணும்னு நெனைக்கும்போது போக முடிஞ்சதா? முடியலன்னா சட்டத்துல அதுக்கு அடைச்சு வச்சதுன்னுதான் பேரு.'

நான் திரும்பிப் பாத்தா, மாரி மோர்த்தூக்க இடுப்புல வச்சுக்கிட்டு அந்த எஸ்.ஐ. வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறா. மழ பெய்யுறத மொதமொத பாக்குற புள்ள மாதிரி அப்பிடி ஒரு பார்வ. கண்ணெல்லாம் பளபளங்குது.

எழுதிக் குடுங்கன்னுச்சு எஸ்.ஐ. நான் சொல்லச் சொல்ல மாரி எழுதுனா. 'நாங்கள் யாரையும் அடைத்து வைக்கவில்லை'ன்னு எழுதச் சொன்னேன். பேனாவ நிறுத்திட்டு மெதுவாக் கேக்குறா, 'செருப்ப எடுத்து வச்சத எழுதணுமா அத்தை?' எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துருச்சு. செருப்பா, எந்தச் செருப்புன்னுச்சு. எழுதாத, அது பத்திரத்துக்கு வச்சதுன்னேன். அப்பவும் நான் எந்திரிக்கலயே! செருப்பு எனக்கு அடியிலதான் இருக்கு.

பன்னெண்டரைக்கு டிப்போவுல இருந்து ஒரு ஆளு வந்தாரு. நீங்க முடிவெடுக்கிற அதிகாரியான்னு கேட்டேன். இல்ல, அவுக அனுப்பி வந்துருக்கேன்னாரு. கலரக் குடிச்சிட்டு நீங்க கெளம்புங்க, முடிவெடுக்கிற அதிகாரி நேர்ல வரணும்னுட்டேன். எங்க கண்டிசன் அதுதான தாயி, அனுப்பி வச்ச ஆளுகிட்ட பேசுனா அவரு போய்ச் சொல்றப்ப பாதிய ரோட்டுல போட்டுட்டுப் போயிருவாரு. ரெண்டு மணிக்கு பெரியவரே வந்தாரு. மேனேஜரு. அவருக்கு ஒரு கலரு. குடிச்சாரு, மூஞ்சியத் தொடச்சாரு, 'உங்க கோரிக்கையப் பரிசீலிக்கிறோம்'னாரு. சனம் எந்திரிக்கப் போகுது. அப்பப் பின்னால இருந்து ஒரு சத்தம், 'பரிசீலிக்கிறது வேண்டாம் சார், எழுத்துல குடுங்க!'

யாரு தெரியுமா? என் மருமக. வீட்டுல அவ சத்தம் அடுப்படி தாண்டி வந்ததில்ல. நாப்பது பொம்பளையும் திரும்பிப் பாக்குறாக. எனக்கு அப்பிடியே புல்லரிச்சுப் போச்சு. என் மருமகடீ, என் மருமகடீன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன். மேனேஜரு எழுதிக் குடுத்தாரு. நாங்க விசிலடிச்சோம். செருப்பக் குடுத்தேன். அந்தோணிராஜ் அதக் கண்ணுல ஒத்திக்காத கொறையா வாங்கி மாட்டுனாரு.

மறுநாப் பேப்பருல வந்துருச்சு, போட்டாவோட. 'அரசு பேருந்து சிறைபிடிப்பு'ன்னு கொட்டை எழுத்துல. எனக்கு ஒரே கோவம். சிறைன்னா என்ன? ஜெயிலு. கம்பி போட்டிருக்கணும், களி போடணும். நாங்க கம்பங்கூழு குடுத்தவுக. பாசமாப் புடிச்சு வச்சதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வார்த்தைன்னு கேட்டேன். மாரி அந்தப் பேப்பர மடிச்சுக்கிட்டே சொன்னா, 'சரியான வார்த்தைதான் அத்தை.' அம்புட்டுத்தான் சொன்னா. இன்னொரு கோவம், என் பேரு போடல தாயி! 'பொதுமக்கள்'னு போட்டிருக்கான். டயருக்கு முன்னால உக்காந்தது நான், போட்டாவுல நடுவுல இருக்கிறது நான், நான் பொதுமக்களா?

வெள்ளிக்கெழம பஸ்ஸு ஊருக்குள்ள வந்துச்சு. வாழக்கன்னு கட்டி, மால போட்டு, சூடம் கொளுத்தி, நாந்தான் எலுமிச்சம்பழம் வச்சேன். டயரு ஏறி நசுக்குச்சு, கொலவ போட்டோம். மொத டிக்கெட்டு வாங்குனது யாரு? மாரி. பொம்பளைகளுக்குக் கட்டணமில்லாத டிக்கெட்டுதான், இருந்தாலும் மொத டிக்கெட்டு மொத டிக்கெட்டுதான. கையில ஒரு பை. சும்மா மரியாதைக்கு விலக்கு வரைக்கும் போய்ட்டு வருவாப் போலன்னு நானும் கையாட்டுனேன். அவளும் ஜன்னல் வழியா அழகாக் கையாட்டுனா. ஊரே கையாட்டுச்சு தாயி.

விலக்குல அவ எறங்கவே இல்ல.

வீட்டுக்கு வந்து பாத்தா பீரோவுல ஒரு காயிதம் ஒட்டியிருக்கு. அதே எழுத்து, அதே மாதிரி மார்ஜின் விட்டு. ரத்தினக்கிளி மகள விட்டுப் படிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டு மனப்பாடமாயிருச்சு. 'மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு. என் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டேன். பீரோவைப் பூட்டி, சாவியை என்னுடன் கொண்டு செல்கிறேன். அது என் அம்மா வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக உள்ளது. அதற்கு எந்தக் குறையும் இல்லை. கோரிக்கைகள். ஒன்று, மெடிக்கல் கடை வேலைக்குப் போவேன். இரண்டு, என் சான்றிதழ்கள் என்னிடமே இருக்கும். மூன்று, எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போவேன், கேட்டுவிட்டுப் போக மாட்டேன். இப்படிக்கு மாரீஸ்வரி.'

திமிரப் பாத்தியா? பாவம் தாயி அந்தச் சாவி! முப்பது வருசமா என் இடுப்ப விட்டு எறங்காத சாவி, அன்னைக்கு பஸ்ஸுப் பூசை அவசரத்துல பீரோவுலயே விட்டுட்டுப் போயிட்டேன், இன்னைக்கு யாரு வீட்டுலயோ ஆணியில தொங்குது. அது என்ன தப்புச் செஞ்சுச்சு? நாளன்னைக்கு என் தம்பி மகளுக்குக் கல்யாணம். மாம்பழக்கலருப் பட்டு உள்ள இருக்கு. ஆசாரியக் கூப்பிட்டு ஒடைச்சிரலாம்னான் எம் மகன் ராஜகுரு. பீரோவ ஒடைக்கவா, என் கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்தது அது. நீ போய்ப் பேசிக் கூட்டிட்டு வாடான்னு பைக்குல அனுப்புனேன்.

போனான். கலரு குடுத்தாளாம், குடிச்சானாம், திரும்பி வந்துட்டான். என்னடான்னா, 'என்கிட்ட பேச மாட்டாளாம்மா. முடிவெடுக்கிற அதிகாரி நேர்ல வரணுமாம்'ங்குறான்.

மொதல்ல கோவம் வந்துச்சு. ஒரு நிமிசம் கழிச்சுச் சிரிப்பு வந்துருச்சு பாரு, அடக்க முடியல, தூணப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். எம் மகன் பயந்துட்டான். நெனச்சுப் பாரு, என்னய அதிகாரி ஆக்கிட்டா தாயி! டிப்போ மேனேஜருக்கு இருக்கிற எடம் எனக்கு! பேப்பர்க்காரன் என்னயப் பொதுமக்கள்னு போட்டான். எவன் மதிச்சான் என்னய? அவ மதிக்கிறா.

ஆனா ஒண்ணு சொல்றேன், ஒம்போது நாளாச்சு. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. மோரு கலக்குனா குடிக்க ஆளில்ல. டி.வி.யப் போட்டா கூட உக்காந்து அந்த வில்லியத் திட்டுறதுக்கு ஆளில்ல. தட்டுல சோத்தப் போட்டுட்டு அப்பிடியே உக்காந்திருக்கேன். அவ இல்லாம எனக்கு முடியல தாயி, உள்ளதச் சொல்றேன். அவளுக்கு எங்கிட்ட என்ன கொறைன்னுதான் தெரியல. கதவு தொறந்துதான் கெடந்துச்சு. பூட்டுனனா, கட்டிப் போட்டனா? அந்த எஸ்.ஐ. புள்ள ஏதோ சொல்லுச்சே, போகணும்னு நெனைக்கும்போது போக முடிஞ்சதான்னு... அது பஸ்ஸுக்குச் சொன்னது. வீட்டுக்கு எப்பிடிப் பொருந்தும்? பொருந்தாதுல்ல? சரி விடு.

பேனாவ எடு. பேசிப் பாத்துட்டு, பரிசீலிக்கிறேன்னு சொல்லிரலாம்னுதான் கெளம்புனேன். ஆனா அவகிட்ட அது நடக்காது, மேனேஜரையே மடக்குனவ. எழுத்துல கேப்பா. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். காயிதம் இருக்கா? கொசு நோட்டீசா? இருக்கட்டும், பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு. எழுது. 'ஆவாரங்குளம் வேலுத்தாய் ஆகிய நான்.' எழுதிட்டியா? 'என் மருமகள் மாரீஸ்வரி மெடிக்கல் கடை வேலைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' ம். 'அவள் சான்றிதழ் அவளிடமே இருக்கும்.' அதான் எடுத்துட்டாளே, எழுதித் தொலை. 'எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகலாம்.' கேக்காமன்னும் போடணுமா? போடாட்டி கேப்பாளா? சரி, போடு.

இன்னும் ஒரே ஒரு வரி. 'சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.' எழுதிட்டியா? மெடிக்கல் கடைய ஆறு மணிக்கு அடைச்சிருவாகளா? மாட்டாகளா? ஏ கண்டக்டர் தம்பி! டவுன்ல இருந்து நம்ம ஊருக்குக் கடைசி வண்டி எத்தன மணிக்கு? ஏழேகாலா?

அடி தாயி, அந்த வரிய அடிச்சுரு. நல்லா அடி, கீழ இருக்கிறது தெரியக் கூடாது, அவ வெளிச்சத்துல தூக்கிப் பாப்பா. ஏழேகால் வண்டியில வரட்டும். அந்த வண்டிக்காகத்தான நான் வெயில்ல உக்காந்தேன். குடு, கையெழுத்துப் போடுறேன். வண்டி ஆடுது, வே கொஞ்சம் கோணிக்கிச்சு, பரவாயில்ல.

அவ ஆத்தா ஊரு புளியடிப்பட்டி வந்துருச்சு. அந்தா பாரு தாயி, ஸ்டாப்புல நிக்கிறா! மரத்தடியில, பச்சச் சேலை, அவதான். பத்து மணி வண்டிக்கு அதிகாரி வர்றாகன்னு எம் மகன் போன்ல சொல்லிட்டான் போல. எளச்சுட்டாளா? எளைக்கல, நல்லாத்தான் இருக்கா. கையில என்னது வச்சிருக்கா? என் கண்ணுக்குத் தெரியல, நீ பாரு, கலருதான? பாட்டிலுதான?

சொம்பா?

நல்லாப் பாத்துச் சொல்லு, சொம்பேதானா? அடிப்பாவி மகளே, மோரு! மோரில்ல கொண்டு வந்துருக்கா! புருசனுக்குக் கலரு, எனக்கு மோரா? பேச வந்த அதிகாரியா நெனைக்கல, புடிச்சு வைக்கப் போறா தாயி என்னய! விடமாட்டா போல! ஏ தம்பி கோமதிநாயகம், சிரிக்காத, விசிலடி, வண்டி நல்லா நிக்கட்டும், எறங்கிக்கிறேன். வாறேன் தாயி, நோட்டீசு குடுத்ததுக்கு உனக்குப் புண்ணியமாப் போகும். என் கால கொஞ்சம் பாத்துச் சொல்லு, ரெண்டு செருப்பும் மாட்டியிருக்கேனா? அத மட்டும் அங்க கழட்டவே கூடாது.